மாப்பசான் கதைகளைப் பிரெஞ்சிலிருந்தே தமிழாக்க: எதை எடுப்பது, எங்கே சறுக்கும்?

ரோஸ்ஹில் வாசகி

வணக்கம். மொரிஷியஸில் எங்கள் தமிழ் வாசிப்பு வட்டத்தில் அடுத்த நான்கு சனிக்கிழமைக்கும் பிரெஞ்சுச் சிறுகதை எழுத்தாளர் மாப்பசான்தான். வருகிறவர்களுக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு, தமிழ்தான் கொஞ்சம் தட்டுத் தடுமாறும். அதனால் மூலத்தைப் படித்து நாங்களே தமிழில் எழுதி வாசித்துக் காட்டலாம் என்று திட்டம். ஓர் அமர்வு ஒன்றரை மணி நேரம். எந்தக் கதைகளை எடுக்கலாம்? ஆங்கிலம் வழியாக வந்த மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா? சூ, லூயி என்று வரும் காசை இன்றைய ரூபாய்க்கு மாற்றிவிடலாமா?

மோக்கா மேசை

கடைசிக் கேள்விக்கு முதலில்: மாற்றவே மாற்றாதீர்கள். 20 சூ ஒரு பிராங், ஒரு லூயி 20 பிராங். இதை வாசிப்புக்கு முன் ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும்.

ஏன் என்று 'மோன் ஓன்க்ள் ஜூல்' (1883) கதையில் பாருங்கள். ழோசெஃப் தாவ்ரான்ஷ் ஒரு கிழப் பிச்சைக்காரருக்கு 'நூறு சூ' கொடுக்கிறான். நண்பன் வியக்க, அவன் தன் சிறுவயதுக் கதையைச் சொல்கிறான். கப்பலில் சிப்பி உரித்து விற்கும் கந்தல் கிழவர்தான் அமெரிக்காவில் பணக்காரராகிவிட்டதாகக் குடும்பமே நம்பிக் காத்திருந்த ஜூல். சிப்பிக்குக் காசு கொடுக்க அம்மா பையன் கையில் வைப்பதும் ஒரு நூறு சூ நாணயம். விலை 2 பிராங் 50. மீதியை வாங்கிக்கொண்டு பையன் 10 சூ இனாம் கொடுக்கிறான். '3 பிராங்கா ஆயிற்று?' என்று அம்மா திகைக்கிறார். 2.50-உம் அரை பிராங்கும் சேர்ந்தால் 3, கணக்கு சரியாக உட்காரும். கடைசி வரியில் மறுபடி நூறு சூ. ஓரிடத்தில் '5 பிராங்', இன்னோரிடத்தில் 'சில நாணயங்கள்' என்று எழுதினால் அந்த எதிரொலி செத்தது.

உறவுமுறையிலும் கவனம். ஓன்க்ள் (அங்கிள்) என்றவுடன் கை 'மாமா' என்று எழுதப் போகும். ஜூல் அப்பாவின் உடன்பிறந்தவர். பையன் மனதுக்குள் 'இவர் அப்பாவின் சகோதரர்' என்று சொல்லிக்கொள்கிற இடமே இருக்கிறது. பங்கை அழித்துவிட்டுக் கப்பலேறிய ஊதாரிக்குச் 'சித்தப்பா' பொருந்தும்.

தமிழ்க்கடல்

ஆங்கிலம் வழி வந்ததை ஒதுக்கி வையுங்கள். 'லா பாருய்ர்' ('நகை', 1884 பிப்ரவரி, லெ கோலுவா நாளிதழ்) ஒன்றே போதும் காரணம் சொல்ல. தோழியிடம் இரவல் வாங்கிய நகையைத் தொலைத்து, கடன்பட்டுப் புதிதாக வாங்கிக் கொடுக்கும் மத்தில்துவின் கதை அது. பத்து வருடம் கழித்து மத்தில்து தோழியைப் பார்த்து 'வணக்கம் ழான்' என்கிறாள். அடையாளம் தெரியாத தோழி திருமதி ஃபொரெஸ்தியே மரியாதைச் சொல்லான 'வூ' போட்டு, 'நீங்கள் ஆள் மாறிப் பேசுகிறீர்கள் போலிருக்கிறது' என்கிறாள். பெயரைச் சொன்ன மறுகணமே நெருக்கமான 'தூ': 'ஐயோ மத்தில்து, எப்படி மாறிவிட்டாய்!' ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல். தமிழில் நீங்கள், நீ அப்படியே கிடைக்கிறது. நமக்கு இலவசமாக வரும் லாபத்தை ஏன் விடவேண்டும்?

தலைப்பை 'வைர அட்டிகை' என்று எழுதினால் நகையின் மதிப்பைப் பற்றித் தலைப்பே முன்கூட்டித் தீர்ப்புச் சொல்லிவிடும். 'நகை' போதும். உள்ளே வரும் 'ரிவியேர்' ஆறு அல்ல, வைரங்கள் வரிசையாகப் பதித்த கழுத்தணி. கைபேசிச் செயலியில் போட்டால் 'வைர ஆறு' என்று வந்தாலும் வரும்.

பலர் அவசரத்தில் தாண்டிவிடும் வரி ஒன்று உண்டு. பெட்டியில் பெயர் இருந்த நகைக்கடைக்காரர் 'நகையை நான் விற்கவில்லை, பெட்டி மட்டும்தான் என்னுடையதாக இருக்கும்' என்கிறார். முடிவுக்கான துப்பு அங்கேதான் கிடக்கிறது. அதை அழுத்தாமல், ஆனால் தெளிவாக எழுதுங்கள். எண்களையும் தொடாதீர்கள்: புது நகை 36,000 பிராங், அதில் 18,000 கணவரின் அப்பா விட்டுப்போனது, மீதி கடன். தொலைந்த பழைய நகை போலி, அதிகபட்சம் 500.

பழைய தாள்

மாப்பசானின் வாழ்க்கை வரலாற்றை முழு உரையாக்காதீர்கள், பத்து நிமிடம் தாராளம். பிறந்தது 1850 ஆகஸ்ட் 5, வட பிரான்ஸின் நார்மண்டியில். 1870 பிரெஞ்சு-பிரஷ்யப் போரில் படையில் சேர்ந்தார். பிறகு கடற்படை அமைச்சகத்திலும் கல்வி அமைச்சகத்திலும் குமாஸ்தா. ('நகை'யின் கணவரும் கல்வி அமைச்சகக் குமாஸ்தாதான்.) தாயின் குடும்பத்துக்கு நெருக்கமான நாவலாசிரியர் ஃப்ளோபேர் எழுதக் கற்றுக்கொடுத்தார். அவரது 'பூல் து சுய்ஃப்' கதை வெளிவந்தது 1880 ஏப்ரலில், ஃப்ளோபேர் இறந்தது மே 8-இல். அடுத்த பத்துப் பதினோரு வருடத்தில் சுமார் 300 கதைகள், 6 நாவல்கள். சிஃபிலிஸ் மூளையைத் தின்றது. 1892 ஜனவரியில் தற்கொலை முயற்சி, பிறகு பாஸியில் மருத்துவர் பிளான்ஷின் மனநல இல்லம், 1893 ஜூலை 6-இல் மரணம். காப்புரிமைத் தொல்லை இல்லை.

இதில் கேட்பவர்களுக்கு உதவுவது ஒன்றுதான்: பெரும்பாலான கதைகள் கோலுவா, ழில் பிளா நாளிதழ்களுக்காக எழுதியவை. நாளிதழ் ஒதுக்கிய இடத்தின் அளவுதான் கதையின் அளவு. ஒருவன் இன்னொருவனுக்குச் சொல்வதாகத் தொடங்கும் உத்தியும் அங்கே நன்றாக எடுபட்டது.

'பூல் து சுய்ஃப்' மட்டும் நீளம், 'நகை'யைப் போல நாலைந்து மடங்கு. ஒரே அமர்வில் அடங்காது. வண்டியில் பத்துப் பேர், அவர்களில் விலைமாதான நாயகி தன் உணவுக் கூடையைத் திறந்து எல்லோருக்கும் கொடுக்கும் இடத்தையும், கடைசிப் பயணத்தில் யாரும் அவளுக்கு ஒரு துண்டு கொடுக்காத இடத்தையும் மட்டும் அடுத்தடுத்து வாசித்தால் கதை மனதில் நின்றுவிடும்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று தன்னை ஆட்டுவிப்பதாக நம்புகிறவனின் கதையான 'லெ ஒர்லா' எடுத்தால் பதிப்பைப் பாருங்கள். 1886-இல் நோயாளி மருத்துவர்களிடம் சொல்கிறான், 1887-இல் அதே கதை நாட்குறிப்பு. பாதிப்பேர் ஒன்றையும் பாதிப்பேர் மற்றொன்றையும் கொண்டுவந்தால் அமர்வு குழம்பும். இன்னொன்று, அந்தக் காலத்து அமெரிக்கத் தொகுப்புகளில் அவர் எழுதாத கதைகளும் கலந்திருக்கின்றன. பிரெஞ்சுத் தலைப்பு கிடைக்காத கதையை நம்பாதீர்கள்.

ரோஸ்ஹில் வாசகி

மிக்க நன்றி. ஜூல், நகை இரண்டும் உறுதி. மூன்றாவதாக 'லா ஃபிசேல்' (கயிறு) எடுக்கலாமா? முதல் வரைவில் 'வக்கீல் ஓஷ்கோர்ன்' என்று எழுதியிருக்கிறோம். எங்கோ இடிக்கிறது.

மோக்கா மேசை

மூலத்தில் 'மேத்ர் ஓஷ்கோர்ன்'. நம் ஊரில் 'மேத்ர்' என்றால் வக்கீல், அதுதான் இடிக்கிறது! நார்மண்டியில் சொந்த நிலம் வைத்த குடியானவருக்கும் அதே அடைமொழி. 'பண்ணையார்' என்று ஏற்றிவிடாதீர்கள், கீழே கிடந்த துண்டுக் கயிற்றைக் குனிந்து எடுக்கிற சிக்கனக்காரர் அவர். 'பெரியவர் ஓஷ்கோர்ன்' நன்றாக இருக்கும். பகையாளி மலாந்தேன் பார்த்துவிட்டான் என்ற வெட்கத்தில் கயிற்றைச் சட்டைக்குள் ஒளிப்பார். 500 பிராங் இருந்த பணப்பையை எடுத்தார் என்ற பழி அங்கேதான் விழுகிறது. அந்த ஒளிக்கும் அசைவை ஒரு சொல்லும் குறைக்காமல் எழுதுங்கள்.

பேச்சு நார்மண்டி வட்டார வழக்கு. அதை மதுரைத் தமிழாகவோ கோவைத் தமிழாகவோ ஆக்க வேண்டாம், சாதாரணப் பேச்சுத் தமிழ் போதும். சாகும்போது அவர் முனகும் ''தித் ஃபிசேல்' மட்டும் மூலத்தில் ஒருமுறை வாசியுங்கள். கிரியோலில் 'தி' என்று நாள் முழுக்கச் சொல்கிறவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். பிறகு தமிழில்: 'சின்னக் கயிறுங்க… சின்னக் கயிறு… இந்தாங்க, இதுதான், மேயர் ஐயா.'