நால்வர் சேர்த்த குடும்ப மரத்தில் ஒரே ஆள் மூன்று முறை வருகிறார்

சித்தப்பா, அத்தை, தம்பி, நான் என நாலு பேர் ஆளுக்கொரு கணினியில் கிராம்ப்ஸ் 5.2 என்ற குடும்ப மர மென்பொருளை வைத்துக் குடும்ப வரலாறு சேர்க்கிறோம். மாதம் ஒருமுறை குடும்ப மரத் தகவலைப் பரிமாறும் வடிவமான கெட்காம் 5.5.1 கோப்பாக ஏற்றுமதி செய்து என் கணினியில் சேர்க்கிறேன். மூன்று மாதத்தில் 412 பேர் இருக்க வேண்டிய மரத்தில் 1,130 பேர். இறக்குமதி யாரையும் அடையாளம் காண்பதில்லை, எல்லாரையும் புதிய ஆளாகவே சேர்க்கிறது. இரண்டு கோப்பிலும் I0001 என்ற ஆள் எண் இருந்தால், பின்னால் வருபவருக்கு வேறு எண் விழுந்துவிடுகிறது.

இரட்டைப் பதிவு தேடும் கருவியை அதன் மூன்று பொருத்த அளவிலும் ஓட்டியாயிற்று. கொள்ளுத்தாத்தா பெயர் ஒரு கோப்பில் தமிழில், இன்னொன்றில் ஆங்கில எழுத்தில். பிறப்பு ஒன்றில் "1931 வாக்கில்", மற்றதில் முழுத் தேதி. அவரைக் கருவி பிடிக்கவே இல்லை. ஒலி ஒத்த பெயர்களைப் பொருத்தும் சவுண்டெக்ஸ் முறை ரோமன் எழுத்துக்கானது, தமிழுக்கு உதவாது. கையால் இருவர் இருவராக இணைத்தேன். அது சரியாக நடக்கிறது, ஆனால் அடுத்த மாதக் கோப்பு வந்ததும் அதே ஆட்கள் திரும்ப முளைக்கிறார்கள். படங்களும் வருவதில்லை; கெட்காமில் போவது கோப்புப் பாதை மட்டும்தானே. அவற்றைத் தனியாக அனுப்பிக்கொள்கிறோம், அது பிரச்சினையில்லை.

பாட்டி சொல்லச் சொல்ல அத்தை எழுதிய குறிப்புகள் இணைப்பில் தொலையக் கூடாது. அதனால் பழைய பிரதியை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க முடியாது.

நால்வரும் தனித்தனியே திருத்தினாலும், ஏற்கெனவே உள்ள ஆளின் பதிவிலேயே மாற்றம் போய்ச் சேரும்படி இறக்குமதி செய்ய என்ன வழி?