யூடி எப்போ வரும்? – எழுதுகிறவர்கள் வீட்டு அனுபவங்கள்

கோவையிலிருந்து ஒருவர்

நாவலையும் வீட்டையும் எப்படிச் சமாளிக்கிறோம் என்று அவரவர் அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். நானே ஆரம்பித்துவிடுகிறேன். என்னுடையதில் ஒரு பஞ்சாயத்தே நடந்திருக்கிறது.

வீட்டுக்காரர் பம்ப் உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கிறார். வீட்டில் மாமியார், பத்தாவது படிக்கும் மகள், நாலாவது படிக்கும் மகன். நான் இணையத்தில் செவ்வாய், வெள்ளி என்று வாரம் இரண்டு யூடி (அப்டேட், அதாவது அடுத்த அத்தியாயம்) போடுகிற தொடர்கதைக்காரி. ஆயிரம் சொல்லுக்குக் கீழே போனால் "என்ன சிஸ், குட்டி யூடியா?" என்று வாசகிகள் அழுகிற பொம்மை போட்டுவிடுவார்கள்.

எழுத எனக்கு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும். வீட்டு நேரத்தைத் தின்றது நாவல் இல்லை, குழுதான். நாங்கள் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பேரும் தொடர் எழுதுகிறோம். ஒருத்தி என் அத்தியாயத்துக்கு வந்து பத்து வரி கருத்து எழுதிவிட்டுப் போனால், அவளுடையதற்கு நானும் பத்து வரி எழுதியாக வேண்டும். மொய் நோட்டு மாதிரிதான். யார் எவ்வளவு வைத்தார்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். பதினொரு பேர், ஆளுக்கு இரண்டு யூடி, வாரத்துக்கு 22 அத்தியாயம். சாம்பார் கொதிக்கிற நேரத்தில் ஒன்று, பையனின் டியூஷன் வாசலில் ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடி ஒன்று, சடங்கு வீட்டுப் பந்தியில் இலை போடக் காத்திருக்கும்போது ஒன்று. படித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கடைசிப் பத்தியைப் பார்த்துவிட்டு, "ஹீரோ செம, அடுத்த யூடிக்கு வெயிட்டிங்" என்று மொய் எழுதுவேன்.

வீட்டில் பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? நாவல் எழுதினாலும் போன், கருத்து எழுதினாலும் போன், ரீல்ஸ் பார்த்தாலும் அதே போன். "எந்நேரமும் அதையே நோண்டிட்டு இருக்கறா" என்று அத்தை சொல்வதில் தப்பில்லை.

ஒரு நாள் போன் சார்ஜில் கிடந்தது. பையனுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த லாங் சைஸ் நோட்டு ஒன்றை எடுத்துவந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். 192 பக்கம், கோடு போட்டது. கொஞ்ச நேரத்தில் மகள் தன் கணக்கு நோட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு டிவி சத்தத்தைக் குறைத்தார். நான் கேட்கவே இல்லை! அதே கதை, அதே ஆள். மூன்று வருஷமாகப் போனில் எழுதியபோது ஒரு புள்ளிகூடக் குறையாத சத்தம் அது.

சரி, நோட்டில் எழுதினால் அப்புறம் யார் தட்டச்சு செய்வது? அதற்குக் குரல் தட்டச்சைப் பிடித்தேன். காலையில் எல்லோரும் போனபிறகு போனை மிக்சியில் சாய்த்து வைத்து, நோட்டைப் பக்கத்தில் விரித்து, கீரை ஆய்ந்துகொண்டே வாசிப்பேன். என் போனுக்கு னகரமும் ணகரமும் ஒன்றுதான். நாயகி மனம் உடைந்து அழுத இடத்திலெல்லாம் 'மணம் உடைந்து' என்று அடித்து வைக்கும். முற்றுப்புள்ளி, காற்புள்ளி எதுவும் கிடையாது, எல்லாம் நானே கைப்பட வைக்க வேண்டும். ஆனாலும் வேலை ஆகிறது.

31ஆவது அத்தியாயத்தில் நாயகி வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். "இத்தனை வருஷம் பொறுத்தாச்சு. இனிமே இந்த வீட்டுப் பச்சைத் தண்ணிகூட எனக்கு வேண்டாம்" என்று ஒரு வரி. போன் அதைச் சரியாகப் பிடிக்கவில்லை. இரண்டாவது தடவை இன்னும் உரக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை சொன்னது பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

அத்தை பொடக்காலியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே போய்ப் பொள்ளாச்சியில் இருக்கிற மகளுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். நாத்தனார் தம்பிக்குப் போட்டிருக்கிறார். பதினொன்றே கால் மணிக்கு வீட்டுக்காரர், கையில் கிரீஸ்கூடத் துடைக்காமல், சமையலறை வாசலில் வந்து நிற்கிறார்.

"என்ன பண்ணிட்டிருக்கே?"

"கீரை ஆஞ்சுட்டிருக்கேன்."

மனுஷர் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லாம் விளக்கிச் சொன்னபிறகு அத்தை நோட்டை வாங்கினார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த இரண்டு பக்கத்தை விரல் வைத்துப் படித்தார்கள். மன்னிப்புக் கேட்கப்போகிறார்களோ என்று நினைத்தேன். "ஏங்கண்ணு, கோவிச்சுட்டுப் போறவ தன்ர நகையை உட்டுப்போட்டா போவா? பொறந்த வூட்டுல போட்டதாச்சே. இவ என்ன வெறுங்கையை வீசிட்டுப் போறா?" என்றார்கள்.

பதினொரு பேருக்கு முன்கூட்டியே அனுப்பி, பதினொரு பேரும் "வேற லெவல்" என்று சொன்ன அத்தியாயம் அது. பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அதைத் திருத்தப்போய் ஒரு அத்தியாயம் இரண்டாக ஆனது.

அந்த வாரமே குழுவில் சொல்லிவிட்டேன், இனி மூன்று பேருடையதைத்தான் படிப்பேன், ஆனால் முழுசாகப் படிப்பேன், பிடிக்காததையும் சொல்வேன் என்று. இரண்டு பேர் என் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள். கருத்துகள் பாதியாகக் குறைந்தன. முதல் வாரம் வயிற்றைக் கலக்கியது, மறைக்க என்ன இருக்கிறது.

மதுரையிலிருந்து ஒருவர்

ஒரே மாதத்தில் 50,000 சொல் நாவல் என்று அமெரிக்காவில் 1999இல் ஆரம்பித்து, பிறகு நவம்பரின் முப்பது நாளுக்கு மாற்றினார்களே, நானோரைமோ, அதைப் பார்த்து நாங்கள் ஐந்து நண்பர்கள் 2022இல் தமிழில் முயன்றோம். நாளைக்கு 1,667 சொல். பொதுவில் ஒரு கணக்குத் தாள், ராத்திரி பன்னிரண்டு மணிக்குள் அவரவர் எண்ணிக்கையை ஏற்ற வேண்டும். (அதை நடத்திய அமைப்பையே 2025இல் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். அது வேறு கதை.)

இறங்கியபிறகுதான் தெரிந்தது, அந்த 50,000 நம் மொழிக்கு அளந்து தைத்த சட்டை இல்லை. இங்கிலீஷ்காரர் நாலைந்து சொல்லில் சொல்வதை நாம் 'எழுதிக்கொண்டிருந்திருக்கலாம்' என்று ஒன்றாக முடித்துவிடுகிறோம். கணினி அதை ஒரு சொல் என்றுதான் எண்ணும். நாலாம் நாளே எங்களில் ஒருவர் 'எழுதிக் கொண்டு இருந்து இருக்கலாம்' என்று பிரித்தார். ஒன்றுக்கு நாலு லாபம். அடுத்த நாள் ஐந்து பேரும் வெட்ட ஆரம்பித்துவிட்டோம். என் மனைவி தமிழாசிரியை. தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "ஒருத்தன் 'வந்து கொண்டு இருந்து விட்டு' போறதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துடுச்சுங்க" என்றாள்.

18ஆம் தேதி மகளுக்குக் காய்ச்சல். டெங்குவாக இருக்குமோ என்று மூன்று ராத்திரி ஆஸ்பத்திரியில். கணக்குத் தாளில் என் பெயருக்கு நேரே மூன்று சிவப்புப் பூஜ்யம். குழுவில் இருந்து "தல, பின்தங்கிட்டீங்க!" என்று தகவல் வந்தது. அவர்கள்மேல் தப்பில்லை, நான்தான் காரணம் சொல்லவில்லை. சொல்ல ஏனோ கூச்சமாக இருந்தது. நாவல் எழுத முடியவில்லை என்பதற்குக் குழந்தையைக் காரணம் காட்டுகிறோமோ என்று ஒரு கிறுக்குத்தனமான எண்ணம்.

சாதாரணக் காய்ச்சல்தான், சரியாகிவிட்டது. நாவல் 31,000த்தில் நின்றது. பிறகு பிரித்ததையெல்லாம் ஒட்டிப் பார்த்தேன், 24,000கூடத் தேறவில்லை.

தஞ்சாவூரிலிருந்து ஒருவர்

கோவைச் சகோதரிக்கு ஒரு வார்த்தை. நீங்கள் வாய்விட்டுச் சொல்லி எழுதுவது புதுசு இல்லையம்மா. வை.மு. கோதைநாயகி (1901–1960) முதல் நாடகத்தைச் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள்தான் எழுதினார். அப்போது இவருக்குச் சரளமாக எழுத வராது. அப்புறம் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல், 'ஜகன்மோகினி' பத்திரிகை என்று எங்கேயோ போய்விட்டார். நாவலாசிரியை ராஜம் கிருஷ்ணன் கதை வேறு, மின்பொறியாளரான கணவருக்கு மாற்றலான ஊர்களுக்கெல்லாம் கூடவே போனவர். நீலகிரியில் இருந்த காலத்தில்தான் அங்குள்ள படுகர் மக்களின் வாழ்க்கை அவர் நாவலுக்குள் வந்தது. எனக்கும் மாற்றல் வந்துகொண்டே இருந்தது, நான் என்னவோ ரேஷன் அட்டை மாற்றுவதிலேயே காலத்தைக் கழித்தேன்.

எங்கள் காலத்தில் குழு என்றால் லைப்ரரி வாசல்தான். நாங்கள் மூன்று டீச்சர்கள், சனிக்கிழமை சாயங்காலம் கூடுவோம். எழுதியது பத்திரிகைக்குப் போகும். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும், திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறை வைக்க வேண்டும். அந்த உறை வீட்டுக்குத் திரும்பி வந்தால், நம் கையெழுத்திலேயே நமக்கு வந்த கடிதத்தைப் பார்த்துத் தபால்காரருக்குக்கூடத் தெரிந்துவிடும்.

1983 என்று நினைவு, என் குறுநாவல் ஒன்று அச்சில் வந்தது. அதில் கணவனின் தங்கை ஒருத்தி, தீபாவளிக்குப் பிறந்த வீடு வந்து பட்சணத்தை எண்ணிப் பார்ப்பாள். என் நாத்தனார் பட்சணத்தை எண்ணியதே கிடையாது. எண்ணியது என் சித்தி. ஆனால் சித்தியைச் சித்தியாகவே எழுத எனக்குத் தைரியம் இல்லை, அதனால் நாத்தனாராக்கினேன். இரண்டு வருஷம் நாத்தனார் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. என்னவர் ஒன்றுமே சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. சித்தி படித்துவிட்டு, "உன் நாத்தனாரை நன்னா வாரியிருக்கேடி" என்று முதுகில் தட்டினாள்.

திருப்பூரிலிருந்து ஒருவர்

நான் எழுத்தாளன் இல்லைங்க. எழுதுவது என் மனைவி. அவள் தூங்கியபிறகு அவள் போனில் இருந்து எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை எங்களுக்குள் வாக்குவாதம். கல்யாணத்துக்குப் போக நேரமாகிவிட்டது, இவள் யாருக்கோ கருத்து எழுதிக்கொண்டிருந்தாள். "உனக்குக் கதையில இருக்கற புருஷன் போதும், நான் எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவள் பதில் பேசவில்லை. சண்டை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை யூடியில் அது வந்துவிட்டது. எழுத்துக்கு எழுத்து, அதே வாக்கியம். நாயகன் வாயில் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, நாயகியை அடிக்கப் பாய்கிற அந்த முதல் புருஷன் வாயில். கீழே 64 கருத்து. "இவனெல்லாம் மனுஷனா", "சைக்கோ", "சிஸ், இவனைச் சீக்கிரம் லாரியில் தூக்குங்க". எல்லாவற்றையும் பட்டறையில் மதிய இடைவேளையில் உட்கார்ந்து படித்தேன். சாப்பாடு இறங்கவில்லை.

ராத்திரி அவளிடம், "அந்த ஆள் செத்துருவானா?" என்று மட்டும் கேட்டேன். "இன்னும் முடிவு பண்ணலை" என்றாள்.

மறுபடியும் கோவை

திருப்பூர் அண்ணா, உங்கள் வீட்டம்மா யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். நான் இப்போது முழுசாகப் படிக்கிற மூன்று பேரில் அவர் ஒருவர். அந்த 64 கருத்தில் லாரி யோசனை என்னுடையது.