பழைய லேண்ட் ரோவர் விடியற்காலையில் எடுக்க மாட்டேன் என்கிறது: செம்பனை டீசலா, குளோ பிளக்கா?

ரிங்லெட்வாசி: மலேசியாவின் கேமரன் மலையில் ரிங்லெட்டில் இருக்கிறேன். வண்டி லேண்ட் ரோவர் சீரீஸ் 3, அசல் 2.25 லிட்டர் டீசல் எஞ்சின். ராத்திரி மழை பெய்து விடிந்தால் தகராறுதான். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, வெள்ளைப் புகை குபுகுபுவென வருகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்காது. வெயில் ஏறிவிட்டால் ஒழுங்காக எடுக்கும். டீசல் பெரும்பாலும் மலையடிவாரத்துத் தாப்பாவில்தான் அடிப்பேன். எதை முதலில் பார்க்கலாம்?

தாப்பாபையன்: தாப்பா என்று சொல்லும்போதே தெரிந்துவிட்டது அண்ணே. 2019இல் பி10, அதாவது பத்து சதவீதம் செம்பனை எண்ணெயில் செய்த டீசல் கலந்த சரக்கு, வந்தபோது கேமரன், கெந்திங், குண்டசாங் இந்த மலைப்பகுதிகளுக்கு மட்டும் பி7 (ஏழு சதவீதம்) போதும் என்று விட்டார்களே, எதற்கு? செம்பனை டீசல் குளிரில் மெழுகு கட்டும். கலக்காத செம்பனை டீசல் 15 டிகிரி பக்கத்திலேயே கலங்க ஆரம்பிக்கும். நீங்கள் கீழே பி10 அடித்து மேலே கொண்டுவந்து ராத்திரி முழுக்கக் குளிரில் போடுகிறீர்கள்.

பழையபட்டறை: தம்பி, நீ சொல்வது கலக்காத சரக்குக்கு. இவர் டேங்கில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான் செம்பனை. அதோடு, மெழுகு அடைத்தால் டீசல் உள்ளேயே போகாது, புகை எங்கிருந்து வரும்? வெள்ளைப் புகை என்றால் டீசல் போகிறது, பற்றாமல் ஆவியாக வெளியே வருகிறது என்று அர்த்தம். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது, அமுங்கிய காற்றின் சூட்டில்தான் பற்ற வேண்டும். குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டைத் தின்றுவிடும், அதற்குத்தான் சிலிண்டரை முன்கூட்டியே சூடாக்கும் குளோ பிளக். இந்த எஞ்சினில் நான்கு பிளக்கும் தீபாவளி சீரியல் பல்பு மாதிரி, ஒன்று போனால் நான்கும் போச்சு. மீட்டர் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மலைரோடு: இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே ஒரு டப்பா வாங்கி ஏர் ஃபில்டர் வாயில் அடித்தால் ஒரே திருப்பில் எடுக்கும். காய்கறி லோரிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பழையபட்டறை: கேட்டிருக்கிறேன், அவர்கள் லோரியைப் பிரித்தும் பார்த்திருக்கிறேன். அந்த டப்பாவில் இருப்பது ஈதர். குளோ பிளக் சூடாக இருக்கும்போது அடித்தால் நேரம் கெட்டு வெடிக்கும், பிஸ்டனும் ரிங்கும் என்ன பாவம் செய்தன?

தாப்பாபையன்: புகையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். செம்பனை டீசலில் மிச்சமிருக்கும் மோனோகிளிசரைடு என்ற கொழுப்புப் பொருள், மெழுகு கட்டும் அளவு குளிர் இல்லாவிட்டாலும் ஃபில்டரில் மெதுவாகப் படியும். கேமரனில் 1978 பிப்ரவரி 1 அன்று 7.8 டிகிரி வரை இறங்கியிருக்கிறது, தெரியுமா?

பழையபட்டறை: அது நாட்டின் வானிலை நிலையங்களில் பதிவானதிலேயே ரெக்கார்ட். அதை வைத்துக்கொண்டு இன்றைக்கு ரிங்லெட்டில் வண்டி எடுக்காததற்குக் காரணம் தேடினால் எப்படி? கனடாக்காரன் எஞ்சினுக்குக் கரண்ட் ஹீட்டர் சொருகுகிறான் என்றால் அங்கே மைனஸில் போகிறது. ஃபில்டர் மாற்றுவதில் எனக்குச் சண்டை இல்லை, காரணம் அதுவல்ல என்கிறேன்.

ரிங்லெட்வாசி: மீட்டர் வைத்தேன். மூன்றாவது பிளக் செத்துக் கிடக்கிறது. மற்ற மூன்றுக்கும் வயரை நேராகக் கொடுத்து ஓட்டலாமா?

பழையபட்டறை: வேண்டாம் ஐயா! அவை ஏறக்குறைய 2 வோல்ட் பிளக், 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் கருகிவிடும். நான்கையும் 12 வோல்ட் பிளக்காக மாற்றி, பழைய ரெசிஸ்டரைத் தூக்கிவிட்டு, தடித்த வயரில் பேரலலாக, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கரண்ட் போகும்படி, இழுங்கள். அப்புறமும் புகைந்தால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் காற்றைச் சரியாக அமுக்குகிறதா என்று, பார்க்க வேண்டும்.

தாப்பாபையன்: ஃபில்டரையும் மாற்றுங்கள் அண்ணே. டீசலை மேலேயே அடியுங்கள்.