எடை ஏறாத குழந்தை: முதலில் எங்கே பார்க்கிறீர்கள்?

நாற்பது குழந்தைகள் உள்ள அங்கன்வாடி மையத்தில் மாதா மாதம் இரண்டு மூன்று பேருக்கு எடை நின்றுபோகிறது. சத்துமாவு வாங்குகிறார்கள், தடுப்பூசி போட்டாயிற்று, அம்மாவைக் கேட்டால் "நல்லாத்தான் சாப்பிடுறான்" என்கிறார். புதிதாக செக்டர் (ஒரு மேற்பார்வையாளரின் கீழ் வரும் மையங்கள்) பொறுப்பேற்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான். எதை முதலில் பார்ப்பீர்கள், அதற்கு அடுத்து எதை என்று அவரவர் பழக்கத்தை எழுதுங்கள். "தாய்க்கு ஆலோசனை வழங்கப்பட்டது" என்று பதிவேட்டில் எழுதும் வரி இங்கே வேண்டாம். என்ன ஆலோசனை, எத்தனை ஸ்பூன், அதுதான் வேண்டும்.

*

அங்கன்வாடிப் பணியாளர்:

குழந்தையைப் பார்க்கும் முன் தராசைப் பாருங்கள். 9 மாதத்திலிருந்து 12 மாதம் வரை குழந்தைக்கு மொத்தம் ஏறுவதே சுமார் 700 கிராம், மாதத்துக்கு இருநூற்றுச் சொச்சம். தராசு 200 கிராம் தப்பினால் ஒரு மாத வளர்ச்சி காணாமல் போகும், அல்லது இல்லாத வளர்ச்சி இருப்பதாகத் தெரியும்.

தொங்கு தராசு என்றால் முள் உங்கள் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். காலித் தொட்டிலை மாட்டிய பிறகுதான் பூஜ்யம் வைக்க வேண்டும். வெறும் கொக்கியில் பூஜ்யம் வைத்துவிட்டு தொட்டிலை மாட்டுபவர்கள் நிறையப் பேர். டிஜிட்டல் தராசு பாய்மேல், சாணி மெழுகிய தரையில், வாசல் சரிவில் சரியாகக் காட்டாது. ஒரு சிமென்ட் திண்ணையைத் தேர்ந்தெடுத்து, மாதா மாதம் அதே இடத்தில் வையுங்கள். மளிகைக்கடையில் முத்திரை குத்திய 5 கிலோ எடைக்கல் இருந்தால் மாதத்துக்கு ஒருமுறை இரவல் வாங்கி வைத்துப் பாருங்கள்.

அரைஞாண் கயிறு, கொலுசு, தாயத்து, ஈரமான ஜட்டி எல்லாம் சேர்ந்தால் நூறு கிராம் தாராளமாக வரும். கொலுசைக் கழற்ற மாட்டேன் என்கிற வீடுகளும் உண்டு. வற்புறுத்த வேண்டாம். போன மாதமும் கொலுசோடுதான் எடை போட்டதா என்று மட்டும் வளர்ச்சி அட்டை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

*

மேற்பார்வையாளர், வட மாவட்டம்:

மையத்துக்குப் போனதும் எடைப் பதிவேட்டின் கடைசி இலக்கத்தை மட்டும் மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். நூறு நூறு கிராமாகக் காட்டும் தராசில் 40 குழந்தைகளுக்கு எட்டு பேர் அளவில்தான் எடை .0 அல்லது .5-இல் முடியும். இருபது பேருக்கு 8.0, 8.5, 9.0 என்று இருந்தால் அங்கே உத்தேசமாக எழுதியிருக்கிறார்கள், அல்லது போன மாதத்தைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்கிறார்கள். திட்ட வேண்டாம். ஐந்து குழந்தைகளை உங்கள் முன்னால் மறுபடி எடை போடச் சொல்லுங்கள், போதும்.

அடுத்தது வயது. "ஆடிக்குப் பிறந்தான்" என்பது போதாது. தாய் சேய் நல அட்டையில் உள்ள தேதியை எடுத்து நிறைந்த மாதத்தைக் கணக்கிடுங்கள். உயரத்துக்கு இன்னொரு விதி: இரண்டு வயதுக்குள் படுக்க வைத்து அளக்க வேண்டும், அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் தலையைப் பலகையில் ஒட்ட வைக்க, மற்றவர் முழங்காலை அழுத்திப் பாதத்தில் பலகையைத் தள்ள வேண்டும். அந்த வயதுக் குழந்தையை நிற்க வைத்து அளந்துவிட்டால் 0.7 செ.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும். மேலே கட்டிய குடுமியை அவிழ்க்காமல் அளந்த உயரம் எதற்கும் உதவாது.

*

ஓய்வுபெற்ற வட்டார அலுவலர்:

எடையும் வயதும் சரி என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து எல்லாரும் வளர்ச்சி அட்டையில் நிறத்தைப் பார்க்கிறார்கள்: பச்சையா (சரியான எடை), மஞ்சளா (எடை குறைவு), ஆரஞ்சா (மிகக் குறைவு). எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2.1 கிலோவில் பிறந்த குழந்தை ஒரு வயதிலும் மஞ்சளில் இருக்கலாம். ஆனால் மாதாமாத எடைகளை இணைக்கும் கோடு பச்சைப் பட்டைக்கு இணையாக மேலே போகிறது என்றால் அந்தத் தாய் சரியாகத்தான் செய்கிறாள். பச்சைக்குள் இருக்கும் இன்னொரு குழந்தையின் கோடு இரண்டு மாதமாகப் படுத்திருந்தால் நீங்கள் முதலில் போக வேண்டிய வீடு அதுதான். மாதக் கூட்டத்தில் அந்தக் குழந்தையை யாரும் கேட்பதில்லை, பச்சையில் இருக்கிறதே!

1980-இல் தமிழ்நாட்டில் உலக வங்கி உதவியோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இந்தக் கோட்டை வைத்துத்தான் ஓடியது. 6 முதல் 36 மாதக் குழந்தைகளுக்கு மாதா மாதம் எடை போட்டு, எடை ஏறாதவர்களைப் பொறுக்கி எடுத்து 90 நாள் கூடுதல் உணவு கொடுத்தார்கள். எடை தேறியதும் நிறுத்தினார்கள். இன்று இணை உணவு எல்லாருக்கும் போகிறது. அது நல்லதுதான். ஆனால் பொறுக்கி எடுக்கும் கண் மங்கிப்போய்விட்டது. செக்டர் கூட்டத்தில் "மஞ்சள் 6, ஆரஞ்சு 1" என்று எண்ணிக்கை வாங்காமல், எடை ஏறாத குழந்தைகளின் பெயர்ப் பட்டியலை வாங்குங்கள். மையத்துக்கு மூன்று பெயர் இருந்தாலும் போதும், வேலை நடக்கும்.

*

அங்கன்வாடிப் பணியாளர், மேற்கு மாவட்டம்:

வீட்டுக்குப் போவது எப்போது என்பதுதான் பாதி வேலை. மதியம் மூன்று மணிக்குப் போனால் தூங்கும் குழந்தையைப் பார்த்துவிட்டு வரலாம். குழந்தை சாப்பிடும் நேரத்துக்குப் போங்கள். "என்ன குடுக்குறீங்க" என்று கேட்காதீர்கள். "கஞ்சி வையுங்க, நானும் பார்க்கிறேன்" என்று உட்காருங்கள்.

பெரும்பாலும் நடப்பது இது: ஒரு டம்ளர் தண்ணீரில் (200 மில்லி) ஒரு மேசைக்கரண்டி சத்துமாவு, சுமார் 10 கிராம். நன்றாகக் காய்ச்சுவார்கள், ஆற்றுவார்கள், குழந்தையும் மடமடவென்று குடித்துவிடும். வயிறு நிறைந்துவிட்டது, அம்மாவுக்குத் திருப்தி. அந்த டம்ளரில் இருப்பது 35 கலோரி. 9 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக உணவிலிருந்து மட்டும் சுமார் 300 கலோரி வேண்டும். அப்படியானால் எட்டு டம்ளருக்கு மேல்! 8 கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வதே 240 மில்லிதான். "நல்லாத்தான் சாப்பிடுறான்" என்று அந்த அம்மா சொன்னது பொய்யில்லை. வயிறு நிறைந்தது, தண்ணீரால்.

மாற்றிச் சொல்வது இப்படி: அதே டம்ளர் தண்ணீருக்கு நாலு மேசைக்கரண்டி மாவு. மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அப்புறம் அடுப்பில் வைத்துக் கிண்ட வேண்டும். இறக்கியதும் ஒரு டீஸ்பூன் எண்ணெய் அல்லது நெய். இப்போது 190 கலோரி அளவுக்கு வந்துவிடும். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகி ஓடக் கூடாது, தயங்கித் தயங்கி விழ வேண்டும். கிராம் கணக்கு அம்மாவுக்கு மறந்துபோகும், கரண்டி சாய்ப்பது மறக்காது. 9 மாதக் குழந்தைக்கு இதில் ஒரு வேளைக்கு 250 மில்லிக் கிண்ணத்தில் பாதி, நாளைக்கு மூன்று நாலு வேளை. ஒரு வயது தாண்டினால் முக்கால் கிண்ணத்திலிருந்து முழுக் கிண்ணம். மூன்று வேளையும் மாவுக்கஞ்சியே வேண்டாம். ஒரு வேளை பருப்பும் கீரையும் போட்டுக் குழைத்த சாதம், முட்டை கிடைக்கும் நாளில் அதையும் மசித்து.

*

அதற்கு ஒரு சேர்க்கை, சுய உதவிக் குழுவில் மாவு அரைப்பவர்:

நாலு கரண்டி போட்டால் களி மாதிரி ஆகிவிடுகிறது, குழந்தை துப்புகிறது என்பார்கள். உடனே மறுபடி தண்ணீர் ஊற்றிவிடுவார்கள், பழைய கதைதான். அங்கே முளைக்கேழ்வரகு மாவு கை கொடுக்கும்.

கேழ்வரகைக் கல் போக அரித்து 12 மணி நேரம் ஊறவையுங்கள். வடித்து ஈரத்துணியில் கட்டி ஒன்றரை நாள், நடுநடுவே தண்ணீர் தெளித்து. முளை விட்டதும் வெயிலில் மொறுமொறுப்பாகக் காயவைத்து, முளையைத் தேய்த்துப் புடைத்துவிட்டு, லேசாகச் சூடு காட்டி அரைக்க வேண்டும். சிவக்க வறுத்தால் வாசனை நன்றாக இருக்கும், வேலை செய்யாது; முளையில் உண்டாகும் நொதி அந்தச் சூட்டில் செத்துவிடும். கெட்டிக் கஞ்சியை இறக்கி, கொதி அடங்கியதும் ஒரு டீஸ்பூன் போட்டுக் கிண்டுங்கள். ஐந்து நிமிடத்தில் இளகிவிடும், ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல். பிறகு ஒரு கொதி விட்டு இறக்கி ஆறவைத்துக் கொடுக்க வேண்டும், மாவு பச்சையாக இருக்குமல்லவா.

மழைக்காலத்தில் முளைகட்டுவதில் கவனம். பூசணம் பிடித்தாலோ கறுத்தாலோ மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். கழுவிக் காயவைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

*

மட்டக்களப்பிலிருந்து:

இங்க திரிபோஷா. 1973-இல இருந்து குடுக்கிறது. சோளமும் சோயாவும் கலந்த மா, 750 கிராம் பைக்கற். பிள்ளைக்கு நிறை கூடேல்ல எண்டால் நாங்கள் முதல் பாக்கிறது, வீட்டில எத்தனை பேர் அந்தப் பைக்கற்றைச் சாப்பிடுகினம் எண்டதுதான். தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடிச்சால் மூத்த பிள்ளையளும் கை நீட்டும். தாய் இல்லை எண்டு சொல்லுவாவே? அதைப் பிழை எண்டு சொல்லிப் பிரயோசனமில்லை. நிறை குறைஞ்ச பிள்ளைக்குரிய மாவை வேற போத்தலில போட்டு, மூடியில பிள்ளையின்ர பேரை எழுதி ஒட்டச் சொல்லுங்கோ. மற்றப் பிள்ளையளே காவல் நிக்கும்.

*

கிராம சுகாதார செவிலியர்:

உணவு சரி, இன்னும் ஏறவில்லை என்றால் கடந்த இரண்டு மாதத்தில் என்ன நோய் வந்தது என்று கேளுங்கள். "நோய்" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "பல் முளைக்கும்போது வெளிக்குப் போனானா? உரம் விழுந்ததா? தோஷம் தட்டினதா?" என்று கேட்டால்தான் வரும்.

வயிற்றுப்போக்கில் இரண்டு தவறுகள். ஒன்று, ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் கலப்பது. ஒரு லிட்டர் பாக்கெட் முழுதும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில். 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். இரண்டு, துத்தநாக மாத்திரையை மூன்றாம் நாள் நிறுத்துவது. போக்கு நின்றாலும் 14 நாள் முழுதும் வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் 20 மி.கி., இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு 10 மி.கி. பத்தியம் என்று வெறும் அரிசிக்கஞ்சித் தண்ணீரில் ஒரு வாரம் ஓட்டினால் அந்த மாதக் கோடு கண்டிப்பாகப் படுத்துவிடும். வழக்கமான உணவைத் தொடரச் சொல்லுங்கள். குணமான பின் இரண்டு வாரத்துக்கு நாளைக்கு ஒரு வேளை கூடுதலாக.

பூச்சி மாத்திரை, வைட்டமின் ஏ தேதிகளையும் அட்டையில் பாருங்கள். அல்பெண்டசோல் ஒன்று முதல் இரண்டு வயது வரை 200 மி.கி., பொடித்துத் தண்ணீரில். அதற்கு மேல் 400. வைட்டமின் ஏ 9 மாதத்தில் ஒரு லட்சம் யூனிட், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம், ஐந்து வயது வரை.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால் கஞ்சிப் பேச்சே கூடாது. தாயைப் பாருங்கள்: பால் கொடுக்கும் விதம், இரவில் எத்தனை முறை, அவள் என்ன சாப்பிடுகிறாள். 2022-இல் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் அந்த வயதுக் குழந்தைக்காகத் தாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் கொடுப்பது இதனால்தான். பிரசவித்தவளுக்குக் காய் கூடாது, முட்டை கூடாது, தண்ணீர் அதிகம் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் நிறுத்திவைத்திருந்தால், பேச வேண்டியது மருமகளிடம் இல்லை, மாமியாரிடம். இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் ஒரே நேரத்தில் வேண்டாம், இரண்டு மணி நேரமாவது இடைவெளி. டீயோடு விழுங்கினால் இரும்பு ஏறாது. மலம் கறுப்பது மாத்திரையால்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் நாலாம் நாள் மாத்திரை அட்டை பரண்மேல் போய்விடும்.

*

மேற்பார்வையாளர், டெல்டா பகுதி:

அம்மா நூறு நாள் வேலைக்கோ மில் வண்டிக்கோ போகிற வீட்டில் ஊட்டுவது பாட்டி. தாய்மார் கூட்டத்துக்கு அம்மாவை அழைத்துப் பேசி என்ன பயன்? ஊட்டுகிறவர் வர வேண்டும். காலை ஆறு மணிக்குக் காய்ச்சிய கஞ்சி மதியம் வரை மூடிக் கிடக்கும், அந்த வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. பாட்டிக்கு அடுப்பு மூட்ட முடியாது என்றால், பொட்டுக்கடலை மாவும் வெல்லமும் டப்பாவில் எடுத்துவைத்து, வேளைக்கு வேளை வெந்நீரும் மசித்த வாழைப்பழமும் கலந்து கொடுக்கச் சொல்லலாம்.

இன்னொன்று, டீயும் பிஸ்கெட்டும். பத்து மணிக்கு டீயில் நனைத்த நாலு பிஸ்கெட், பதினொன்றரைக்கு ஐந்து ரூபாய் பாக்கெட் ஏதோ ஒன்று. மையத்துக்கு வரும் குழந்தை மதியச் சாப்பாட்டில் கை வைக்காததற்கு ஆயாவின் சமையல் காரணமில்லை. தட்டில் மிஞ்சுவதை ஒரு வாரம் கவனித்தால் எந்தக் குழந்தை என்று தெரிந்துவிடும்.

*

ஊட்டச்சத்து மறுவாழ்வு மையச் செவிலியர்:

வீட்டில் வைத்துப் பார்க்காமல் எங்களிடம் (மிகவும் மெலிந்த குழந்தையை அம்மாவோடு சேர்த்துப் பார்க்கும் மருத்துவமனைப் பிரிவு) அனுப்ப வேண்டியவை இவை. ஆறு மாதத்துக்கு மேல், இடது கையின் நடுப்புயச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே. நாடாவைத் தோள் எலும்புக்கும் முழங்கை நுனிக்கும் நடுவில் சுற்றுங்கள், தோலை இறுக்காமல், கை தொங்கிய நிலையில். இரண்டு பாதத்திலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்தால் குழி நிற்பது. இதில் எடையை நம்பாதீர்கள், நீர் கோத்து எடை ஏறியதாகக் காட்டும். சாப்பாட்டை முற்றிலும் மறுப்பது, எல்லாவற்றையும் வாந்தி எடுப்பது, துவண்டு கிடப்பது.

அனுப்பும்போது சத்தாக இருக்கட்டும் என்று முட்டையும் பாலும் திணிக்க வேண்டாம். அந்த நிலையில் உடல் அதைத் தாங்காது. நாங்களே முதலில் 100 மில்லிக்கு 75 கலோரி உள்ள பாலைத்தான் இரண்டு மணிக்கொருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறோம், இரும்பு டானிக்கையும் அப்போது தொடங்குவதில்லை. வரும் வழியில் சர்க்கரைத் தண்ணீர் அடிக்கடி சிறிது, தலையையும் உடலையும் துணியால் மூடி அம்மாவின் மார்போடு. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

சேர மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பயமில்லை. மூத்த குழந்தையை யார் பார்ப்பது, இரண்டு வாரக் கூலி என்ன ஆவது? அதைத் தீர்க்காமல் சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்தால் மூன்றாம் நாள் சொல்லாமல் கிளம்பிவிடுவார்கள்.

வீடு திரும்பியதும் அன்றோ மறுநாளோ உங்கள் மையத் தராசில் ஒரு எடை போட்டு எழுதிவிடுங்கள். எங்கள் தராசும் உங்கள் தராசும் ஒன்றாக இருக்காது. அது இல்லாமல் அடுத்த மாதம் எடை போட்டால் 150 கிராம் குறைந்ததுபோல் தெரிந்து, ஒரு தப்பும் செய்யாத அம்மா எல்லார் முன்னாலும் திட்டு வாங்குவார்.