கொல்லங்கோட்டுப் படத்தில் அந்த மின்கம்பம் ஏன்? (அனுபவப் பகிர்வு)

மீனாட்சிபுரத்தான்:

நான் இங்கே போட்ட கருப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துவிட்டு, “பனையும் மலையும் சரி, நடுவில் அந்த மின்கம்பத்தை ஏன் விட்டீர்கள், ரெண்டு அடி தள்ளி நின்றிருக்கக் கூடாதா?” என்று சிலர் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. ரெண்டு அடி இல்லை, நல்ல தூரம் தள்ளித்தான் முதலில் நின்றிருந்தேன். அங்கிருந்து ஏன் நகர்ந்தேன் என்று சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

கேமரா யாஷிகா மேட் 124ஜி, இரட்டை லென்ஸ் பிலிம் கேமரா. பிலிம் இல்ஃபோர்ட் எஃப்பி4 பிளஸ். 120 ரோலில் 12 படம். ஆனால் கேமராவை வெளியே எடுப்பதற்கு முன்பே பாதி முடிவு ஆகிவிட்டது. எந்த மாதம் போவது என்பதுதான் அது. பாலக்காட்டு மாவட்டத்துக் கொல்லங்கோட்டு வயலில் நின்றால் நெல்லியாம்பதி மலை தெற்கே செங்குத்தாக எழுந்து நிற்கும். நம் கண்ணுக்குத் தெரிவது அதன் வடக்கு முகம். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும், அந்த முகம் நிழலில் கிடக்கும். வானம் அப்போதுதான் துப்புரவாக இருக்கும் என்பது வேறு விஷயம். ஆடியில் உச்சி வெயில்கூட நமக்கு வடக்கிலிருந்து விழுகிறது. மேகம் விலகினால் பாறை முழுக்க வெளிச்சம் படும், மழைத் தண்ணீர் அங்கங்கே வெள்ளிக் கம்பியாக இறங்கும். கீழே முதல் போகம் பச்சையாக நிற்கும். ஆகவே ஆடி.

ஆடி என்றால் காற்று. அம்மியும் பறக்கும் என்பார்கள். அதிலும் இது பாலக்காட்டுக் கணவாய், 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமாகத் திறந்து கிடக்கும் வாசல். ட்ரைபாடின் கால்களை நீட்டாமல் குட்டையாக வைத்தேன். பையை நடுத்தண்டில் தொங்கவிட்டால் அதுவே ஆடிக் கேமராவையும் ஆட்டும், அதனால் பைக்குள் கல்லைப் போட்டு, அடி தரையில் பட்டும் படாமலும் இருக்கும்படி கட்டினேன். இந்தக் கேமராவில் குனிந்துதான் கண்ணாடியைப் பார்க்க வேண்டும், அதில் இடம் வலம் மாறித் தெரியும். காற்று என் வலது கைப் பக்கமிருந்து அடிக்கிறது, கண்ணாடியிலோ ஓலைகள் எல்லாம் எதிர்த்திசையில் சாய்கின்றன. எத்தனை வருஷம் பழகினாலும் ஆடிக்காற்றில் இது தலை சுற்ற வைக்கிறது.

லென்ஸுக்கு முன்னால் போடும் வண்ண ஃபில்டர் விஷயத்தில் நிறைய பேருக்குக் கை சிவப்புக்குத்தான் போகும். ஆன்சல் ஆடம்ஸ் 1927-இல் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையை அடர் சிவப்பு ஃபில்டரில் எடுத்து வானத்தைக் கறுக்க வைத்தார், அந்த ஆசை இன்றுவரை யாரையும் விடவில்லை. அவர் முன்னால் இருந்தது பாறையும் பனியும். நம் முன்னால் இருப்பது முக்கால்வாசி பச்சை. சிவப்பைப் போட்டால் வானத்தோடு சேர்ந்து நெல்லும் பனையும் மலைக்காடும் கறுத்து ஒரே திட்டாகிவிடும். நான் மஞ்சள்-பச்சை ஃபில்டர் போட்டேன். வானம் கொஞ்சம்தான் கறுக்கும், ஆனால் நெல் மலையை விட்டுப் பிரிந்து வெளிறி நிற்கும். என்னிடம் இருக்கும் ஃபில்டருக்கு ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கொடுக்க வேண்டும்.

நான் முதலில் நின்ற இடம் வயலின் கிழக்கு மூலை. அங்கிருந்து சாய்வாகப் பார்த்தால் பனைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அடர்த்தியான வரிசையாகத் தெரியும். நடுவில் உள்ள இடைவெளி மூடிக்கொள்ளும், அதில் நிற்கும் மின்கம்பமும் ஒரு பனைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். காலண்டருக்குக் கொடுக்கலாம், அப்படி ஒரு அழகு.

டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஒரு பெரியவர் வந்து வரப்போரம் நிறுத்தினார். “ஏனுங்க தம்பி, சர்வேங்களா? ரோடு வருதா?” மூன்று கால் வைத்து எதை நிறுத்தினாலும் இந்தப் பக்கத்து ஜனங்கள் முதலில் கேட்பது இதுதான். இல்லைங்க, போட்டோ என்றேன். நம்பவில்லை. குனிந்து கண்ணாடியைப் பார்க்கச் சொன்னேன். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “என்னுங்க, எல்லாம் நெருக்கமா இருக்காட்டத் தெரியுது. அந்தச் சந்துல நாலு மரம் நின்னுதுங்க. செங்கச் சூளைக்குப் போயிருச்சு. இங்க வந்து பாருங்க” என்று வரப்பில் நடந்து நேர் எதிரே போய் நின்றார். அங்கிருந்து பார்த்தால் வரிசை பல் விழுந்த வாய். விழுந்த இடத்தில் கம்பம்.

சரி, ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு அவர் நின்ற இடத்துக்கே போனேன். போன மரத்தை எண்ணிச் சொன்னவருக்கு எதிரிலேயே, இல்லாத மரத்தை இருப்பதுபோல் எடுக்க மனசு வரவில்லை. அதோடு, புகைப்படமாகவே பார்த்தாலும் அந்தச் சந்து வழியாகத்தான் மலை வயல் வரைக்கும் இறங்கி வருகிறது. மூலையிலிருந்து எடுத்திருந்தால் பனை வரிசை குறுக்கே வேலி போட்டிருக்கும்.

அப்புறம் காத்திருப்பு. வயல் மேக நிழலில் இருக்க வேண்டும், மலை வெயிலில் இருக்க வேண்டும். மேகம் எப்போது எங்கே நிற்கும் என்பதை ஒளிமீட்டரைவிட அந்தப் பெரியவர் நன்றாகச் சொன்னார்: “இது போவட்டுங்க, பின்னாடி வர்றது பெருசு. அது நம்ம மேல வரும்போது மலை வெளுக்கும்.” அப்படியே நடந்தது.

அபர்ச்சர் (லென்ஸின் துவாரம்) எஃப்/22, 6 மீட்டரில் ஃபோகஸ். அப்படி வைத்தால் 80 மி.மீ. லென்ஸில் சுமார் 3 மீட்டரிலிருந்து மலை வரை தெளிவு கிடைக்கும். நிழல் வயலுக்கு ஒளிமீட்டர், ஃபில்டரையும் கணக்கில் சேர்த்து, கால் விநாடி சொன்னது. ஒரு ஸ்டாப் குறைத்து 1/8 கொடுத்தேன். வயல் நடுச் சாம்பலுக்கு ஒரு படி கீழே இருந்தால் போதும், அதற்கு மேல் கொடுத்தால் மலையில் தண்ணீர்க் கோடுகள் வெறும் வெள்ளையாகிவிடும். 1/8-இல் பனைத் தண்டு நறுக்கென்று நிற்கும், ஓலையும் நெல்லும் கலங்கும். காற்றை உறைய வைக்க வேண்டுமென்றால் 400 வேகப் பிலிம் போட்டு அபர்ச்சரையும் திறந்திருக்கலாம். எனக்கு அது வேண்டாம். அந்த ஊரில் ஆடியில் அசையாத ஓலையை எவரும் பார்த்ததில்லை.

டெவலப்: ஐடி-11 டெவலப்பர் மருந்து, ஒன்றுக்கு ஒன்று தண்ணீர், 20 டிகிரி. 11 நிமிஷத்துக்குப் பதில் 9. வெயில் பக்கம் கட்டுக்குள் இருக்கட்டும் என்று.

ஏலக்காய்மலை:

குமுளியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பிரச்சினை நேர் எதிர். இங்கே மூடுபனிதான் படமே. அதனால் ஆரஞ்சு, சிவப்பு எதுவும் தொடுவதில்லை. மெல்லிய பனித்திரையை அவை குறைத்துவிடும், நான் மலையேறி வந்ததே அந்தத் திரைக்காக. வெறும் லென்ஸ், ஒரு ஸ்டாப் கூடுதல், அவ்வளவுதான். மீட்டர் வெள்ளைப் பனியைச் சாம்பலாக்கப் பார்க்கும்.

வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலைச் சரிவில் நின்றபோது கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் கலரா என்று கேட்டார். “கருப்பு வெள்ளை, அக்கா” என்றேன். “ஐயோ, அது செத்தவங்களுக்கு மாலை போடுற படம்ல! எங்களை எடுத்துறாதீங்க தம்பி” என்று கூடையோடு சரிவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார், கூட இருந்தவர்களும் சிரித்துக்கொண்டே பின்னால் போனார்கள். ஆள் இல்லாத தேயிலைச் சரிவுதான் எனக்குக் கிடைத்தது. இப்போது யோசித்தால் ஆளோடு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் வேண்டாம் என்றவர்களை எடுக்க முடியாது.

செங்கோட்டை மழை:

1/8 போன்ற குறுகிய நேரத்துக்கு மீட்டர் சொல்வதை அப்படியே கொடுக்கலாம். ஆரியங்காவு பாலருவியில் சாயங்காலம் காட்டு நிழலில் நின்றால் மீட்டர் 10 விநாடி சொல்லும். அதை அப்படியே கொடுத்தால் நெகடிவ் மெலிந்துவிடும். நேரம் நீள நீள பிலிமின் உணர்திறன் குறைகிறது. இல்ஃபோர்ட் கொடுத்திருக்கும் கணக்குப்படி எஃப்பி4 பிளஸுக்கு அந்த 10 விநாடி 18 ஆகும், அவர்களின் இன்னும் வேகமான பிலிம் எச்பி5 பிளஸுக்கு 20. அங்கிருந்த வாச்சர் அண்ணன் நான் விரல் விட்டு எண்ணுவதைப் பார்த்து அவரும் சத்தமாக எண்ண ஆரம்பித்துவிட்டார். நான் 15-இல் இருக்கும்போது அவர் 18.

பழைய ஸ்டுடியோக்காரன்:

கொழிஞ்சாம்பாறையில் ஸ்டுடியோ வைத்திருந்தவன் நான். அந்தக் காலத்தில் எங்களுக்கு ஊட்டி பிலிம்தான். 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியின் ‘இந்து’ (Indu) பிலிம். மலைக்கு மேலே குளிரில் செய்த சரக்கை இந்த வெயிலில் கொண்டுவந்து கழுவ வேண்டும். பங்குனி, சித்திரையில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரி இருக்கும். ஐஸ்கட்டியை நேராக மருந்தில் போடாதீர்கள், மருந்து நீர்த்துவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டி, பாத்திரத்தைச் சுற்றியுள்ள தண்ணீரில் போடுங்கள். டெவலப்பர், ஹைப்போ (படத்தை நிலைநிறுத்தும் மருந்து), கழுவும் தண்ணீர் எல்லாம் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கட்டும். குளிர்ந்த மருந்திலிருந்து எடுத்துச் சுடுதண்ணீரில் போட்டால் அந்தப் பிலிமின் மேல்பூச்சு சுருங்கிப்போகும்.

தம்பி, அந்த மின்கம்பம் கண்ணை இழுப்பது வெளிறி நிற்பதால்தான். பிரிண்ட் போடும்போது கம்பத்துக்கு மட்டும் அட்டையில் ஓட்டை வெட்டிக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் காட்டினால் அது கறுத்து மலையோடு அமுங்கிவிடும்.

மீனாட்சிபுரத்தான்:

சார், கம்பம் இருக்கட்டும். நான் யோசிப்பது வலது மேல் மூலை மேகத்தைப் பற்றி. பிரிண்டின் கான்ட்ராஸ்ட் கிரேடு 2-இல் வயல் சோர்ந்து கிடக்கிறது, 3-இல் மேகம் வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடுகிறது. மொத்தத்தையும் 3-இல் போட்டுவிட்டு மேகத்துக்கு மட்டும் என்லார்ஜர் ஃபில்டரை மாற்றி 1-இல் கூடுதல் கொடுக்கலாமா? நீங்கள் அப்படிச் செய்ததுண்டா? பெரியவருக்கு ஒரு பிரதி தருவதாகச் சொல்லியிருக்கிறேன், ஆடி முடிவதற்குள் கொடுத்தாக வேண்டும்.