மடக்கு சைக்கிள் ஸ்டெம்மில் விரிசல்: வைத்திருப்பவர்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்

சிங்கப்பூரில் எம்.ஆர்.டி. (மெட்ரோ) ரயிலில் ஏற்றலாம் என்பதற்காகவே மடக்கு சைக்கிள் வாங்கியவன் நான் (மடித்தால் 120 x 70 x 40 செ.மீ.க்குள் அடங்க வேண்டும்). கொஞ்ச நாளாக சிக்னலில் எழுந்து நின்று மிதிக்கும்போதெல்லாம் ஹேண்டில்பார் பக்கம் 'டிக்' என்று ஒரு சத்தம். கடையில் ஸ்டெம் (ஹேண்டில்பாரைத் தாங்கும் குழாய்) மடங்கும் கீலுக்கு கிரீஸ் வைத்துக் கொடுத்தார்கள், சத்தம் அடங்கியது, அப்புறம் திரும்பவும் வந்துவிட்டது.

வீட்டில் ஸ்டெம்மை மடக்கி, அழுக்கைத் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கீலுக்குச் சற்று மேலே வெல்டிங் ஓரத்தில் தலைமுடி ஒட்டியிருப்பது போல ஒரு கோடு. பெயின்ட் கீறல் என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் நகத்தால் வருடினால் நகம் மாட்டுகிறது, ஹேண்டில்பாரை முன்னால் தள்ளினால் கோடு லேசாக வாய் திறக்கிறது! பதறிவிட்டேன். அது முறிந்தால் திருப்பவும் முடியாது, ஊன்றவும் இடமில்லை, முகம்தான் முதலில் தரையில் படும்.

சாதாரண சைக்கிளில் ஸ்டெம் ஒரு சாண் கூட இருக்காது. இதில் சக்கரம் சின்னது, அதனால் ஹேண்டில்பாரை உயர்த்த நீளமான குழாய், நாம் இழுப்பதும் தள்ளுவதும் பல மடங்காகி அடியில் இருக்கும் கீலில்தான் போய் விழுகிறது. என்னுடையது அலுமினியம். இரும்பு ஓர் அளவுக்குக் கீழே உள்ள அழுத்தத்தை எத்தனை முறை வந்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது, சின்னச் சின்ன அழுத்தமும் சேர்ந்துகொண்டே போகும். விரிசலை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். அந்தச் சூட்டில் சுற்றியுள்ள அலுமினியமும் பலம் இழந்துவிடும்.

—

எனக்கு நடந்தது வேறு மாதிரி அண்ணா. விரிசல் இல்லை, கீலை இறுக்கிப் பிடிக்கும் லீவர் தளர்ந்து பாலத்து இறக்கத்தில் ஹேண்டில்பார் ஆட ஆரம்பித்தது, நல்லவேளை மெதுவாகத்தான் வந்தேன். லீவரை மூடும்போது கடைசிப் பாதியில் உள்ளங்கையால் அழுத்தித்தான் மூட வேண்டும், விரலால் தள்ளினாலே மூடிக்கொண்டால் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது கிளம்புவதற்கு முன்பு முன்சக்கர பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, இன்னொரு கை விரலைக் கீல் இடுக்கில் வைத்துப் பார்க்கிறேன். ஆட்டம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். சரி, மாற்றிப் போட உங்களுக்கு ஸ்டெம் மட்டும் தனியாகக் கிடைத்ததா? என் மாடலுக்கும் ஒன்று வாங்கி வைக்கலாம் என்று பார்க்கிறேன்.