புதுப்பிப்பு: போர்வையைச் சப்பும் எங்கள் வைமரானர்

எங்கள் இரண்டு வயது வைமரானர் இன நாய் போர்வையின் மூலையைக் கவ்விக் கைக்குழந்தை போலச் சப்புவதையும், குளியலறை வாசல் வரை பின்தொடர்வதையும், தனியே விட்டால் கதவைப் பிறாண்டுவதையும் பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சி இது.

சப்புவது இந்த இனத்தில் பரவலாகக் காணப்படும் பழக்கம் என்றும், துணியைக் கிழித்து விழுங்காத வரை தடுக்க வேண்டியதில்லை என்றும் கால்நடை மருத்துவர் கூறினார். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் வைமர் பகுதியில் வேட்டைக்காரருடன் ஓடுவதற்கென்றே உருவாக்கப்பட்ட நாயைத் தண்டையார்பேட்டையின் இரண்டு அறை வீட்டில் அடைத்து வைத்துவிட்டு, அதைக் குறை சொன்னது நாங்கள்தான். இப்போது வெயில் ஏறுமுன், காலை 5 மணிக்கே, காசிமேட்டுப் பக்கம் ஒரு மணி நேரம் நடக்கிறோம். மீன் கூடைக்கு அருகே பூனையைக் கண்டால் முன்னங்கால் ஒன்றை மடக்கி, மூக்கை நீட்டி, சிலையாக நின்றுவிடுகிறான். மீன் விற்கும் அக்காக்களுக்கு அது அன்றாட வேடிக்கை. நெஞ்சுக்கூடு ஆழமான இனம் என்பதால் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆகவே வந்ததும் சோறு வைக்காமல், ஒரு மணி நேரம் கழித்தே வைக்கிறோம்.

கதவில் புதிய கீறல்கள் குறைந்திருக்கின்றன. குளியலறைக் காவல் மட்டும் தொடர்கிறது.